மூன்று பென்ஸ் வரி, இருபது நாள் கெடு: பாஸ்டன் தேயிலை விவகாரம்

1773 டிசம்பர் 16 இரவு பாஸ்டன் துறைமுகத்தில் 340 பெட்டித் தேயிலை கடலில் கொட்டப்பட்டது. எடை சுமார் 92,000 ராத்தல் (பவுண்டு எடை). கிழக்கிந்தியக் கம்பெனி பிறகு காட்டிய நட்டக் கணக்கு 9,659 பவுண்டு. அந்தச் சரக்குக்குக் கட்ட வேண்டியிருந்த இறக்குமதி வரி ராத்தலுக்கு 3 பென்ஸ். 240 பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதால் மொத்த வரி 1,150 பவுண்டு. அதை வாங்கியே தீருவது என்று பிரிட்டிஷ் அரசும், கொடுப்பதில்லை என்று அதன் அமெரிக்கக் காலனி மக்களும் நின்றதில் 16 மாதத்தில் போர் மூண்டது. இரண்டரை ஆண்டில் 13 காலனிகள் விடுதலையை அறிவித்தன.

வரிச்சுமை தாங்காமல் மக்கள் எழுந்தார்கள் என்பது பாடப்புத்தகச் சுருக்கம். கணக்கு அதற்கு ஒத்துவருவதில்லை. அமெரிக்கக் காலனிக்காரர்களைவிட இங்கிலாந்தில் இருந்தவர்கள் தலைக்குப் பல மடங்கு வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனுக்கு வந்த அந்தத் தேயிலை, வரியோடு சேர்த்தும், முன்பு விற்றதைவிட மலிவு. 1764 தொடங்கிப் பார்த்தால் வரியின் அளவு பெரும்பாலும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. ஏறிக்கொண்டே போனது வேறு: யார் வசூலிக்கிறார்கள், வழக்கு எங்கே நடக்கிறது, வசூலான பணத்தில் யாருக்குச் சம்பளம் போகிறது என்ற மூன்றும் காலனி மக்களின் கையைவிட்டு நழுவின. இந்த ஆய்வு அந்த மூன்றையும் பின்தொடர்கிறது.

தொடங்குமுன் ஒரு தெளிவு. அந்தத் தேயிலை இந்தியத் தேயிலை அல்ல. அசாமிலும் நீலகிரியிலும் தோட்டங்கள் வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. அத்தனையும் சீனாவின் கான்டன் துறைமுகத்தில் வாங்கி லண்டன் கிடங்குக்குக் கொண்டுபோன சரக்கு. ஆனால் இந்தியாவுக்கு இதில் பங்கு உண்டு. அது பின்னால் வரும்.

கடனும் கழிவுப்பாகும்

பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டனின் தேசியக் கடன் சுமார் 7.5 கோடி பவுண்டிலிருந்து 13 கோடி பவுண்டு அளவுக்கு உயர்ந்திருந்தது. அமெரிக்காவில் சுமார் 10,000 படைவீரர்களை நிறுத்திவைப்பது என்றும் முடிவாயிற்று. அந்தப் படைச் செலவில் ஒரு பகுதியையாவது காலனிகள் ஏற்கட்டும் என்பது பிரதமர் ஜார்ஜ் கிரென்வில்லின் கணக்கு. லண்டனில் உட்கார்ந்து பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்.

அவர் முதலில் கைவைத்தது மொலாசஸில், அதாவது கரும்புக் கழிவுப்பாகில். நியூ இங்கிலாந்தின், அதாவது பாஸ்டன் அடங்கிய வடகிழக்குக் காலனிகளின், ரம் ஆலைகளுக்கு அதுதான் மூலப்பொருள். கரீபியத் தீவுகளில் அடிமைகள் உழைத்துக் காய்ச்சிய பாகு வடக்கே வந்து ரம் ஆகும். அந்த ரம்மில் ஒரு பகுதி ஆப்பிரிக்கக் கரைக்குப் போய் மேலும் அடிமைகளை வாங்கும். பிற்பாடு சுதந்திர முழக்கமிட்ட துறைமுகங்களின் செல்வத்தில் இந்தச் சங்கிலி இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டுப் பாகுக்குக் கேலனுக்கு 6 பென்ஸ் என்ற வரி 1733 முதலே சட்டத்தில் இருந்தது. யாரும் கட்டவில்லை. சுங்க அதிகாரிக்குக் கேலனுக்கு ஒரு பென்ஸ், ஒன்றரை பென்ஸ் கொடுத்தால் சரக்கு இறங்கிவிடும். பிரிட்டிஷ் தீவுகளின் பாகு போதவும் போதாது. ரோட் ஐலண்டு காலனி 1764இல் அனுப்பிய முறையீட்டின்படி அங்கு ஆண்டுக்கு 14,000 பீப்பாய் பாகு தேவை. பிரிட்டிஷ் தீவுகளிலிருந்து வரக்கூடியது 2,500 பீப்பாய்க்கு மேல் இல்லை.

1764 சர்க்கரைச் சட்டம் இந்த வரியைப் பாதியாக, 3 பென்ஸாகக் குறைத்தது. காகிதத்தில் சலுகை. நடைமுறையில் அதுவரை ஒன்றரை பென்ஸ் லஞ்சம் கொடுத்தவருக்கு இப்போது 3 பென்ஸ் வரி, ஏனென்றால் இந்த முறை உண்மையாகவே வசூலிக்கத் தீர்மானித்திருந்தார்கள். வசூலுக்காகச் சேர்த்த பிரிவுகள்தான் வலித்தன. ஒவ்வொரு சரக்குக்கும் பிணைப்பத்திரமும் சான்றுச் சீட்டும் வேண்டும். பறிமுதலான சரக்கு வரி கட்டியதுதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. வழக்கை ஜூரி இல்லாத கடல்துறை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்; அதற்கென்று ஒன்று தொலைவில் ஹாலிஃபாக்ஸில் திறக்கப்பட்டது. வழக்கில் தோற்றாலும், பிடித்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்று நீதிபதி எழுதிவிட்டால் அதிகாரியிடம் நட்டஈடு கேட்க முடியாது. பறிமுதல் பணம் மூன்று பங்காகும்: அரசருக்கு ஒன்று, ஆளுநருக்கு ஒன்று, பிடித்தவருக்கோ துப்புக் கொடுத்தவருக்கோ ஒன்று. சரக்கைப் பிடிப்பவருக்கு லாபம், தவறாகப் பிடித்தாலும் தண்டனை இல்லை. இப்படி ஒரு ஏற்பாட்டில் சின்னத் தவறுக்கெல்லாம் கப்பல் பிடிபடுவது வியப்பில்லை.

இதே பாகு வரியை 1766இல் உள்நாடு, வெளிநாடு என்ற வித்தியாசமில்லாமல் கேலனுக்கு 1 பென்ஸ் ஆக்கினார்கள். அதன்பின் அந்த வரி ஓரளவு சத்தமில்லாமல் வசூலானது. லஞ்சத்தின் விலையும் வரியின் விலையும் ஒன்றானதும் கடத்துவதற்குக் காரணம் போய்விட்டது. கொள்கை முழக்கங்களைப் படிப்பவர்கள் இந்த விவரத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது. கொள்கையளவில் இதுவும் நாடாளுமன்றம் போட்ட வரிதான்.

முத்திரைத்தாள்

1765 மார்ச் 22இல் அரச ஒப்புதல் பெற்று நவம்பர் 1இல் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த முத்திரைச் சட்டத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை. பத்திரப் பதிவுக்குப் போனவர்கள் எல்லாருக்கும் முத்திரைத்தாள் தெரியும். கட்டணப் பட்டியல் இது: செய்தித்தாளில் அரைத்தாளுக்கு அரைப் பென்னி, முழுத்தாளுக்கு ஒரு பென்னி, விளம்பரம் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்), சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடைக் காய் ஜோடிக்கு 10 ஷில்லிங், கல்லூரிப் பட்டத்துக்கு 2 பவுண்டு, வழக்கறிஞர் அனுமதிக்கு 10 பவுண்டு. ஆங்கிலமல்லாத மொழியில் எழுதும் ஆவணங்களுக்கு இரட்டிப்பு. பென்சில்வேனியாவின் ஜெர்மானியர்களை இது தனியாகச் சுட்டது.

இதில் மூன்று பிழைகள். முதலாவது, காசு. வரியை ஸ்டெர்லிங் மதிப்பில் கட்ட வேண்டும். வெள்ளி நாணயம் எப்போதும் இங்கிலாந்துக்கே ஓடிக்கொண்டிருந்த நாடு அது. முந்தைய ஆண்டுதான் இன்னொரு சட்டம், காலனிகள் வெளியிடும் காகிதப் பணம் இனிக் கடனுக்குச் செல்லாது என்று நியூ இங்கிலாந்துக்குத் தெற்கேயும் தடை போட்டிருந்தது. இரண்டாவது, வரி விழுந்த இடம். அச்சகத்தார், வழக்கறிஞர், சாராயக்கடைக்காரர், கப்பல் வணிகர்: ஊரில் குரல் உரக்கக் கேட்கும் நான்கு கூட்டத்தின் மேலும் ஒரே நாளில் வரி விழுந்தது. பத்திரிகை நடத்துபவனுக்கு வரி போட்டால் அடுத்த நாள் பத்திரிகையில் என்ன வரும் என்று யாரும் யோசிக்கவில்லை.

மூன்றாவது பிழைதான் சட்டத்தைக் கொன்றது. லண்டனில் முத்திரை குத்திய தாள்கள் காலனிக்கு ஒருவர் என்று நியமிக்கப்பட்ட விநியோகஸ்தர் வழியாகத்தான் போகவேண்டும். அந்த ஒருவர் இல்லையென்றால் தாள் இல்லை, தாள் இல்லையென்றால் வரி இல்லை. எதிர்ப்பாளர்கள் நாடாளுமன்றத்தை எட்ட வேண்டியிருக்கவில்லை. பதின்மூன்று மனிதர்களை ராஜினாமா செய்யவைத்தால் போதும். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில் விநியோகஸ்தர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவியை ஒரு எல்ம் மரத்தில் தொங்கவிட்டு, அவருடைய புதுக் கட்டடத்தை இடித்தார்கள். மறுநாளே அவர் பதவி வேண்டாம் என்றார். ஆகஸ்ட் 26இல் துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீடு உள்ளே ஒன்றும் மிஞ்சாமல் சூறையாடப்பட்டது. அது அநியாயம். அவர் அந்தச் சட்டம் வேண்டாம் என்று தனிப்பட்ட முறையில் சொன்னவர். கூட்டத்தைத் தெருவில் இறக்கியவர்களே அதைக் கண்டு பதறினார்கள். அதன்பின் பாஸ்டனில் நடந்த போராட்டங்களில் தெரியும் கட்டுப்பாட்டுக்கு அந்த இரவுதான் காரணம் என்று கொள்ளலாம்.

இந்தியக் கணக்கு இங்கே குறுக்கிடுகிறது. வங்காளம், பிகார், ஒரிசாவின் நிலவரி வசூலிக்கும் திவானி உரிமையை முகலாயப் பேரரசர் ஷா ஆலமிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றது 1765 ஆகஸ்ட் 12. ஆலிவரின் கொடும்பாவி தொங்குவதற்கு இரண்டு நாள் முன்பு. ஒரு கண்டத்தில் கோடிக்கணக்கானவர்களின் வரி ஒரு கையெழுத்தில் கைக்கு வந்தது; இன்னொரு கண்டத்தில் அரைப் பென்னி தாள் கிடங்கைவிட்டு வெளியே வரமுடியவில்லை.

நவம்பர் 1 வந்தபோது ஜார்ஜியாவில் மட்டும் கொஞ்சம் முத்திரைத்தாள் விற்றது. மற்ற துறைமுகங்களில் முத்திரைத்தாள் கிடைக்கவில்லை என்று சுங்க அதிகாரிகளே சான்று எழுதிக் கொடுத்துக் கப்பல்களை அனுப்பினார்கள். ஒன்பது காலனிகளின் 27 பிரதிநிதிகள் அக்டோபரில் நியூயார்க்கில் கூடினார்கள். நியூயார்க் வணிகர்கள் இருநூறு பேருக்கு மேல் பிரிட்டிஷ் சரக்கு வாங்குவதை நிறுத்தக் கையெழுத்திட்டார்கள். லண்டனை அசைத்தது இதுதான். சரக்கு தேங்கிய பிரிட்டிஷ் வணிகர்களின் மனுக்கள் நாடாளுமன்றத்தில் குவிந்தன. 1766 மார்ச் 18இல் சட்டம் ரத்து. அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்தது: எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்ற பிரகடனம். கொண்டாட்டத்தில் அதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

சம்பளம் யார் கொடுப்பது

1767இல் நிதியமைச்சர் சார்லஸ் டவுன்ஷெண்டு கண்ணாடி, ஈயம், வண்ணப்பூச்சு, காகிதம், தேயிலை ஆகியவற்றின் மேல் இறக்குமதித் தீர்வை போட்டார். எதிர்பார்த்த வருவாய் ஆண்டுக்கு 40,000 பவுண்டு. அதே ஆண்டு நாடாளுமன்றம் இங்கிலாந்தின் நிலவரியைக் குறைத்ததில் போன வருவாய் சுமார் 5,00,000 பவுண்டு. ஓட்டை எவ்வளவு, ஒட்டுப் போட்ட துணி எவ்வளவு என்று பார்த்தாலே இது வருவாய்க்கான சட்டம் மட்டுமல்ல என்று தெரியும்.

உள்ளே இருந்தது சம்பளப் பிரிவு. அதுவரை, பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் காலனியின் ஆளுநருக்கும் நீதிபதிகளுக்கும் சம்பளம் வாக்களித்தது அந்தக் காலனியின் சட்டமன்றம், அதுவும் ஆண்டுக்காண்டு. ஆளுநர் ஒத்துவராவிட்டால் சம்பளம் தாமதமாகும். காலனி மக்களிடம் இருந்த ஒரே கடிவாளம் அது. டவுன்ஷெண்டு சட்டம் இந்த வரிப்பணத்திலிருந்து ஆளுநர்களுக்கும் நீதிபதிகளுக்கும் நேரடியாகச் சம்பளம் கொடுக்க வழிசெய்தது. 1770களின் தொடக்கத்தில் அது நடைமுறைக்கும் வந்தது. அப்போது ஆளுநராகியிருந்த ஹட்சின்சனுக்கு ஆண்டுக்கு 1,500 பவுண்டு அந்த வழியில் கிடைத்தது. முதலில் சொன்ன 1,150 பவுண்டை இதோடு வைத்துப் பாருங்கள். தேயிலை குடிப்பவர்கள் தங்கள் கட்டுப்பாட்டிலிருந்து ஆளுநரை விடுவிக்கத் தாங்களே பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 3 பென்ஸ் ஏன் உறுத்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

சுங்க ஆணையர் குழுவைப் பாஸ்டனிலேயே உட்காரவைத்தது அடுத்த தவறு. 1768 ஜூனில் பாஸ்டன் வணிகர் ஜான் ஹான்காக்கின் கப்பல் பறிமுதலாகி, கலவரமாகி, ஆணையர்கள் தப்பியோடி, அக்டோபர் 1இல் படைகள் வந்து இறங்கின. வேலை நேரம் போக மீதி நேரத்தில் குறைந்த கூலிக்கு வேலை தேடும் சிப்பாய்களும் ஊர்க் கூலிக்காரர்களும் ஒரே தெருவில் மோதினார்கள். 1770 மார்ச் 5 இரவு சுங்கச்சாவடி வாசலில் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அதே நாளில்தான் லண்டனில் பிரதமர் நார்த் பிரபு, தேயிலை தவிர மற்ற தீர்வைகளை நீக்கும் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கடலைக் கடக்கக் கடிதத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இந்த விவகாரம் முழுக்க ஒரு தரப்பின் சமாதானம் மறு தரப்பின் காயத்துக்குப் பிறகே வந்து சேர்ந்தது.

தேயிலை வரியை மட்டும் விட்டுவைப்பது என்ற முடிவு 1769 மே 1 அன்று அமைச்சரவையில் ஐந்துக்கு நான்கு என்ற வாக்கில் நிறைவேறியது. ஒரே ஒரு வாக்கு.

கம்பெனியின் கிடங்கு

1770க்கும் 1773க்கும் இடையில் மூன்றாண்டு ஓரளவு அமைதி. நியூயார்க்கும் பிலடெல்பியாவும் ஏறக்குறைய முழுக்க டச்சுக்காரர்களின் கள்ளத் தேயிலையைக் குடித்தன. பாஸ்டன் வணிகர்களோ வரி கட்டிய தேயிலையைக் கணிசமாகவே இறக்கினார்கள். பலர் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியதால் வரி விலைக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. 1773இல் எது மாறியது என்று புரிய இந்த நிலையை நினைவில் வைக்க வேண்டும்.

மாற்றம் இந்தியாவிலிருந்து வந்தது. திவானி கிடைத்ததும் பங்கு விலை ஏறி, 1767 முதல் கம்பெனி அரசுக்கு ஆண்டுக்கு 4,00,000 பவுண்டு கட்ட ஒப்புக்கொண்டிருந்தது. 1769இல் ஹைதர் அலியின் படை சென்னையை நெருங்கிவந்து கம்பெனியைச் சமாதானத்துக்குப் பணியவைத்த செய்தி லண்டனை எட்டியதும் பங்குகள் சரிந்தன. 1769-70 வங்காளப் பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. பஞ்சத்திலும் வரிவசூல் விடவில்லை. 1772 கடன் நெருக்கடியில் கம்பெனி திவாலின் விளிம்புக்கு வந்தது. லண்டன் கிடங்குகளில் சுமார் 1.7 கோடி ராத்தல் தேயிலை விற்காமல் கிடந்தது.

அரசு கம்பெனிக்கு 14 லட்சம் பவுண்டு கடன் கொடுத்தது. கூடவே 1773 மே 10இல் தேயிலைச் சட்டம். இங்கிலாந்தில் கட்டிய இறக்குமதி வரியைக் காலனிக்குப் போகும் தேயிலைக்கு முழுவதும் திருப்பிக் கொடுப்பது. லண்டன் ஏலத்தில் விற்காமல் கம்பெனி தானே நேரடியாக அமெரிக்காவில் தன் ஏஜென்டுகளிடம் அனுப்புவது. இதனால் போஹீ ரகத் தேயிலையை ராத்தல் 2 ஷில்லிங் சுமாருக்கு விற்க முடியும். கள்ளத் தேயிலையோடு போட்டி போடும் விலை.

சட்டம் விவாதத்தில் இருந்தபோதே வில்லியம் டௌட்ஸ்வெல் என்ற உறுப்பினர் நார்த்தை எச்சரித்தார்: 3 பென்ஸை எடுக்காவிட்டால் அவர்கள் தேயிலையை எடுக்கமாட்டார்கள். நார்த் மறுத்துவிட்டார். அந்த 3 பென்ஸில்தானே ஆளுநர் சம்பளம் இருந்தது.

இப்போது முன்பிருந்த நிலையோடு ஒப்பிடலாம். நூறு வணிகர்களிடம் சிதறிக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வரி, பெயர் தெரிந்த ஏழு கப்பல்களில், சுமார் 6,00,000 ராத்தல் சரக்காக, ஊரறிந்த ஒரு சில ஏஜென்டுகளின் பெயரில் ஒரே பருவத்தில் வந்தது. முத்திரைச் சட்டத்தின் விநியோகஸ்தர் பிழை அப்படியே திரும்பியது. பாஸ்டன் ஏஜென்டுகளில் இருவர் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்கள். ஏஜென்டாகாத வணிகர்களுக்கு, இன்று தேயிலை என்றால் நாளை எந்தச் சரக்கு என்ற பயம். பென்சில்வேனியாவின் ஜான் டிக்கின்சன் அந்த நவம்பரிலேயே வங்காளத்தைச் சுட்டிக்காட்டி எழுதினார்: அங்கே பஞ்சத்தில் பதினைந்து லட்சம் பேர் மடிந்ததாகச் சொல்கிறார்கள், நிலம் விளையாததால் அல்ல, கம்பெனி தானியத்தை முடக்கியதால், அதே கம்பெனிதான் இங்கே வருகிறது. வங்காளத்தின் துயரம் பாஸ்டன் அரசியலில் வாதமாக நின்றது.

இருபது நாள்

டார்ட்மவுத் கப்பல் நவம்பர் 28 அன்று பாஸ்டனுக்குள் வந்தது. சுங்க விதிகள் நான்கு பக்கமும் கதவை அடைத்திருந்தன.

துறைமுக எல்லைக்குள் வந்த சரக்குக்கு 20 நாளுக்குள் வரி கட்ட வேண்டும். கட்டாவிட்டால் சுங்கத்துறை பறிமுதல் செய்து ஏலம் விடலாம். வரி கட்டாத சரக்கோடு கப்பல் திரும்பிப் போகச் சுங்கத்துறை அனுமதிச்சீட்டு தராது. அந்தச் சீட்டு இல்லாமல் துறைமுக வாயிலில் உள்ள காசில் வில்லியம் கோட்டையைக் கடக்க ஆளுநர் கடவுச்சீட்டு தரமாட்டார். எப்படியாவது போய்ச் சேர்ந்தாலும், ஏற்றுமதியான தேயிலையை மீண்டும் இங்கிலாந்தில் இறக்குவது சட்டவிரோதம், கப்பலே பறிமுதலாகும். இதில் எந்த விதியையும் தளர்த்தும் அதிகாரம் லண்டனுக்குத்தான் முழுமையாக இருந்தது. லண்டனுக்குக் கடிதம் போய்ப் பதில் வரக் குறைந்தது மூன்று மாதம். கெடு இருபது நாள்.

எதிர்ப்பாளர்களும் தங்கள் பங்குக்கு ஒரு கதவை மூடினார்கள். கப்பலைத் துறைக்குக் கொண்டுவந்து கட்டச் சொன்னது அவர்களே; கண்ணெதிரில் இருந்தால் காவல் போடலாம் என்பது எண்ணம். கிரிஃபின்ஸ் துறையில் இரவும் பகலும் 25 பேர் காவல். எலனார் கப்பல் டிசம்பர் 2இல் வந்தது. பீவர் கப்பல் அம்மை நோய் காரணமாகத் தனித்து நிறுத்தப்பட்டு 15ஆம் தேதிதான் துறைக்கு வந்தது. நான்காவதான வில்லியம் கேப் காட் முனையில் கரைதட்டி உடைந்தது.

டிசம்பர் 17 விடிந்தால் டார்ட்மவுத்தின் கெடு முடியும். கடற்படைப் பாதுகாப்போடு சுங்கத்துறை தேயிலையை இறக்கும். எங்கோ யாரோ வரியைக் கட்டி எடுத்துப்போவார்கள். இறக்கிய மறுகணமே தோல்வி என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சியது இதனால்தான். 16ஆம் தேதி ஓல்டு சவுத் ஆலயத்தில் சுமார் 5,000 பேர் திரண்டிருக்க, கப்பல் உரிமையாளர் ராட்ச் மழையில் குதிரையேறி மில்டனில் இருந்த ஆளுநரிடம் கடைசியாக அனுமதி கேட்கப் போனார். மாலை ஆறு மணி வாக்கில் திரும்பி, ஆளுநர் மறுத்துவிட்டார் என்றார். ராட்ச் என்ன செய்திருக்க முடியும்? பாவம், அந்த மூன்று வாரமும் இரு தரப்புக்கும் நடுவில் நசுங்கியவர் அவர்தான்.

அன்றிரவு நடந்தது கலவரம் என்பதைவிடத் துறைமுகக் கூலி வேலைக்கு நெருக்கமானது. முகத்தில் கரி பூசி, கம்பளி போர்த்தி, மோஹாக் பழங்குடியினர் போல வேடமிட்டவர்கள் மூன்று குழுவாகப் பிரிந்து கப்பலுக்கு ஒரு குழு ஏறினார்கள். கப்பல் அதிகாரிகளிடம் சாவியும் விளக்கும் கேட்டு வாங்கினார்கள். கப்பிக் கயிற்றால் அடித்தளத்திலிருந்து பெட்டிகளைத் தூக்கி, கோடரியால் பிளந்து, தேயிலையைக் கொட்டிப் பெட்டியையும் எறிந்தார்கள். போஹீ பெட்டி ஒவ்வொன்றும் 350 ராத்தலுக்கு மேல்; பழக்கப்பட்ட தோள்கள் இல்லாமல் மூன்று மணி நேரத்தில் இது முடியாது. 240 பெட்டி போஹீ, 15 கங்கோ, 10 சூசோங், 60 சிங்லோ, 15 ஹைசன்: கடைசி இரண்டும் பச்சைத் தேயிலை. நீர் வற்றிய நேரம் அது. ஆழம் இரண்டு மூன்று அடிதான் என்பதால் தேயிலை கப்பலோரம் வைக்கோல் போர் போலக் குவிந்தது. அதைத் தள்ளிக் கலைக்க ஆட்கள் தனியாகத் தேவைப்பட்டார்கள். சட்டைப்பையில் தேயிலை ஒளித்தவரைப் பிடித்துத் துரத்தினார்கள். உடைந்த ஒரே வேறு பொருள் ஒரு பூட்டு. அதற்கும் மாற்றுப்பூட்டு வாங்கிக் கொடுத்ததாகச் செய்தி. சிறிது தூரத்தில் நின்ற போர்க்கப்பல்கள் சுடவில்லை. சுட்டால் நகரத்தின் மேல்தான் விழும்.

மற்ற மூன்று துறைமுகங்கள்

அதே சட்டம், அதே தேயிலை, ஆனால் ஊருக்கொரு முடிவு. பிலடெல்பியாவுக்கு வந்த பாலி கப்பல் 697 பெட்டியோடு டெலவேர் ஆற்றிலேயே தடுக்கப்பட்டது. சுங்கத்தில் பதிவாகாததால் இருபது நாள் கணக்கே தொடங்கவில்லை, கப்பல் அப்படியே திரும்பியது. நியூயார்க்குக்குப் போன நான்சி புயலில் சிக்கி 1774 ஏப்ரலில்தான் வந்தது, அதுவும் திரும்பியது. சார்லஸ்டனில் 257 பெட்டி இறங்கின. ஏஜென்டுகள் விலகினார்கள், யாரும் வரி கட்டவில்லை, டிசம்பர் 22இல் கெடு முடிந்ததும் சுங்க அதிகாரி பறிமுதல் செய்து ஒரு கட்டடத்தின் நிலவறையில் போட்டுப் பூட்டினார். ஏலமும் விடவில்லை. தேயிலை அங்கேயே கிடந்து, 1776இல் புரட்சி அரசால் விற்கப்பட்டது. பாஸ்டன்காரர்கள் அஞ்சியதுபோல் பறிமுதலான தேயிலை உடனே சந்தைக்கு வந்துவிடவில்லை என்பதற்குச் சார்லஸ்டன் சாட்சி. ஆனால் அது அவர்களுக்கு அன்று தெரிய வழியில்லை. பாஸ்டனில் மகன்கள் ஏஜென்டாக, சம்பளம் அந்த வரியிலிருந்து வர, விட்டுக்கொடுக்காத ஓர் ஆளுநர் இருந்தார் என்பதுதான் முக்கியமான வேறுபாடு.

வரி போய்ச்சேர்ந்த இடம்

1774இல் லண்டன் கொடுத்த தண்டனை, குற்றத்தைவிடப் பெரிய வட்டத்தைத் தொட்டது. தேயிலைக்கு நட்டஈடு கட்டும்வரை ஜூன் 1 முதல் பாஸ்டன் துறைமுகம் மூடல். தேயிலையைத் தொடாத கூலிக்காரரும் படகுக்காரரும் பட்டினி கிடந்தார்கள். மற்றக் காலனிகளிலிருந்து அரிசியும் ஆட்டு மந்தைகளும் வந்தன. அடுத்த சட்டம் மாசசூசெட்ஸின் சாசனத்தையே மாற்றியது: ஆலோசனைச் சபையை இனி அரசர் நியமிப்பார், ஊர்க்கூட்டம் ஆளுநர் அனுமதியின்றி ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. துறைமுகச் சட்டம் பாஸ்டனுக்கு மட்டும் வலித்தது. இது கிராமத்து விவசாயிக்கும் வலித்தது. செப்டம்பர் 6 அன்று வூஸ்டர் ஊரில் 37 ஊர்களிலிருந்து 4,622 ஊர்க்காவல் படையினர் அணிவகுத்து நின்று, அரசர் பெயரிலான நீதிமன்றத்தைத் திறக்கவிடாமல் அதிகாரிகளைப் பதவி விலகவைத்தார்கள். ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

பிலடெல்பியாவில் 12 காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய மாநாடு, அக்டோபர் 20இல் டிசம்பர் 1 முதல் பிரிட்டிஷ் இறக்குமதியை நிறுத்தும் ஒப்பந்தத்தை ஏற்றது. டவுன்ஷெண்டு தீர்வைகளுக்கு எதிரான 1768இன் புறக்கணிப்பு வணிகர்களின் வாக்குறுதியை நம்பி, 1770இல் ஒருவரையொருவர் சந்தேகித்துக் கலைந்துபோனது. இந்த முறை ஒவ்வொரு ஊரிலும் மாவட்டத்திலும் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் கண்காணிப்புக் குழு; மீறியவர் பெயர் பத்திரிகையில் வரும், யாரும் அவரோடு கொடுக்கல் வாங்கல் வைக்கமாட்டார்கள். அந்தக் குழுக்கள்தான் சில மாதங்களில் உள்ளூர் அரசாங்கமாயின. கட்டாயத்துக்குப் பணியாதவர்கள் மேல் தாரும் இறகும் பூசிய அட்டூழியங்களும் அவற்றின் நிழலில் நடந்தன.

ஆயினும் திருப்பம் எந்த நாளில் என்று கேட்டால் 1774 அக்டோபர் 28ஐச் சுட்ட வேண்டும். ஆளுநரின் ஒப்புதலின்றிக் கூடிய மாசசூசெட்ஸின் மாகாண மாநாடு அன்று ஹென்றி கார்ட்னர் என்பவரைப் பொதுப்பணம் பெறுபவராக நியமித்தது. ஊர் வசூல்காரர்கள் இனி வரிப்பணத்தை காலனியின் பொருளாளர் ஹாரிசன் கிரேயிடம் கட்ட வேண்டாம், கார்ட்னரிடம் கட்டுங்கள் என்று சொன்னது. எந்த ஊரும் வரி ஒழிந்தது என்று அறிவிக்கவில்லை. அதே வரிப் பட்டியல், அதே வசூல்காரர், அதே வீடுகள். பணம் போகும் பெட்டி மட்டும் வேறு.

ஆறு மாதம் கழித்து, 1775 ஏப்ரல் 19 விடியலில், அந்த மாகாண மாநாட்டின் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கக் கான்கார்டு நோக்கிப் புறப்பட்ட பிரிட்டிஷ் படை லெக்சிங்டனில் சுட்டது. நாடாளுமன்றம் தேயிலையின் 3 பென்ஸை நீக்கி, காலனிகளில் இனி வருவாய்க்காக வரி போடுவதில்லை என்று சட்டம் செய்தது 1778இல். பிப்ரவரி 6 அன்றே அமெரிக்கர்கள் பிரான்சோடு கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்கள்.